யார் சாயலில் எழுத ஆரம்பித்தீர்கள்?

எழுத ஆரம்பித்தபோது யாருடைய சாயல் இருந்தது, அது எப்போது கழன்றது, எது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பேசலாம் என்றார்கள். சரி, நானே தொடங்கி வைக்கிறேன். புத்தகம் எதுவும் போட்டதில்லை. சிற்றிதழ்களில் சில, நண்பர்களின் கைப்பேசியில் பல. என் இலக்கிய வாழ்வு அவ்வளவுதான்.

முதலில் பாரதி. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, தமிழில் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறோம். ஆனால் பாரதியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஆச்சரியக்குறியை மட்டும்தான். வரிக்கு ஒன்று, சில வரிகளுக்கு மூன்று. அவர் குரலை உயர்த்தியதற்குப் பின்னால் ஒரு நாட்டின் பாடு இருந்தது. எனக்கு மறுநாள் கணக்குத் தேர்வு இருந்தது.

அப்புறம் வெண்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். நேரும் நிரையும் அசைகள், அவை கூடி அமையும் சீர்களின் வகைப் பெயர்கள்தான் மா, விளம், காய், கனி. "மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். கனி வந்தால் எழுந்து போய்விடு" என்பதுதான் அவருடைய மொத்தப் பாடத்திட்டமும். அப்போது நான் எழுதிய குறள் வெண்பா இது:

எழுதி அழித்தெழுதி ஏட்டில் நிறுத்தும்
பழுதிலாச் சொல்லே கவி

இரண்டாம் அடியில் முதலில் இருந்தது "பழுதில் சொல்லே". பழுதில் என்பது புளிமா, அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். 'சொல்' நேர். தளை, அதாவது சீரோடு சீர் சேரும் கட்டு, தட்டியது. 'பழுதிலா' என்று நீட்டியதும் கருவிளம் ஆயிற்று. விளத்துக்குப் பின் நேர் வரலாம், 'சொல்லே' நிம்மதியாக உட்கார்ந்தது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற ஓசை அளவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். 'கவி' மலர். ஆசிரியர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து திரும்பப் படித்தபோது பள்ளிச் சுவரில் எழுதிவைக்கிற பொன்மொழி போல இருந்தது. இலக்கணம் அத்தனையும் சரி, ஆனால் அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

ஆனாலும் அந்த நாட்கள் வீணில்லை. பாரதியின் சொற்கள் என்னிடமிருந்து உதிர்ந்துபோயின. வெண்பா தந்த காது உதிரவில்லை. இன்று மரபு பக்கமே போவதில்லை, இருந்தும் வரியை எங்கே உடைப்பது என்று யோசிக்கும்போது மூன்றாம் சீரிலோ நான்காம் சீரிலோ கை தானாக நிற்கிறது. இதை நானாகக் கவனிக்கவில்லை. என் கவிதைகளைத் தட்டச்சு செய்துகொடுத்த நண்பர் சொன்னார், "உன் வரியெல்லாம் ஒரே அளவில் முடிகிறதே, ஸ்கேல் வைத்து வெட்டுகிறாயா?" என்று.

மூன்றாவது, ரொம்பத் தாமதமாக வந்த குறுந்தொகை. நாலடியிலிருந்து எட்டடிக்குள் (இரண்டொரு பாட்டு ஒன்பதுக்குப் போகும்) ஒரு வீடு, இரண்டு மனிதர்கள், ஒரு மனக்குறை. பெயர் கிடையாது. அகப்பாட்டில் தலைவன் தலைவி பெயரைச் சுட்டக்கூடாது என்பது விதி. எழுதியவர்களிலும் சிலருடைய பெயர் நமக்கு வந்து சேரவில்லை, அவர்கள் கண்ட காட்சியே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. செம்புலப் பெயல்நீரைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார். ஆள் போய்விட்ட வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பார்த்தவர் அணிலாடு முன்றிலார். எந்தப் பரிசும் வேண்டாம், இப்படி ஒரு பெயர் எனக்குக் கிடைத்தால் போதும்.

அதைப் படித்த பிறகு எழுதியது:

அப்பாவின் கண்ணாடியை
இன்னும் யாரும் மடிக்கவில்லை
மேசைமேல்
நாளிதழைப் பார்த்தபடி இருக்கிறது

இதற்கு ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது: "காலமே, உனக்குக் கண் இல்லையா!" அணில் முற்றத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்த வரியை அடிக்கப் பெரிய துணிச்சல் தேவைப்படவில்லை. அப்பா உயிரோடுதான் இருக்கிறார். இதைப் படித்துவிட்டு, "தூங்கப் போகும்போது கழற்றி வைத்ததற்கு என்னைக் கொன்றே விட்டாயா?" என்று கேட்டார். பெயர் சொல்லாத விதியை வீட்டில் யாரும் ஏற்பதாக இல்லை.

* * *

முதலில் எழுதியவருக்கு. அந்தக் குறளைக் கொஞ்சம் செப்பனிட்டிருக்கிறேன், கோபிக்காதீர்கள்.

எழுதி அழித்தெழுதி ஏட்டில் நிறுத்தும்
கழுதை உதைத்த கதை

எதுகை உண்டு, மோனை உண்டு, ஈற்றில் மலர் உண்டு. கேலி செய்வதற்கு வெண்பாவை விட்டால் வேறு வடிவம் கிடையாது. காளமேகத்தைப் படித்துக் கெட்டுப்போனவன் நான். என் பாதிப்பு அவர்தான், மேலே சொல்ல ஒன்றுமில்லை.

* * *

நான் எந்தக் கவிஞரையும் படித்துவிட்டு எழுத வரவில்லை. மெட்டிலிருந்து வந்தவள். தோழிகளின் பிறந்தநாளுக்குப் பழைய திரைப்பாட்டு மெட்டில் புது வரி போட்டுக் கொடுப்பேன். கேலியும் கிண்டலுமாக. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதுதான் என் பயிற்சிப் பட்டறை.

மெட்டுக்கு எழுதினால் சில விஷயங்கள் யாரும் சொல்லாமலே பிடிபட்டுவிடும். 'தானனா தானனா' என்று தத்தகாரம் போகும்போது, நீட்ட வேண்டிய இடத்தில் 'கேட்டு' என்று வந்தால் பாடுகிறவர் முட்டிக்கொண்டு நிற்பார், வல்லின ஒற்றில் குரல் அடைத்துவிடும். அதே இடத்தில் 'நிலா' என்றோ 'வழியோ' என்றோ போட்டுப் பாருங்கள், மூச்சு விட இடம் கிடைக்கும். பொருள் இரண்டாம் பட்சம், முதலில் வாய் ஒத்துழைக்க வேண்டும்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை நான் படித்தது பிறகு. படித்தேன் என்றா சொல்வது, அந்தப் பாட்டுகள் ஏற்கனவே வாயில் இருந்தன, அச்சில் முதல்முறையாகப் பார்த்தேன். 1959இல் இறந்தபோது அவருக்கு 29 வயது. பேச்சில் புழங்கும் சொற்களைப் பாட்டில் வைத்தால் கூச்சமாக இருக்காது என்ற தைரியம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

என் தொல்லை வேறு. மெட்டே இல்லாமல் ஒரு கவிதை எழுத உட்கார்ந்தால், பின்னால் ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. சோகமாக எழுதியதை ஒருவர் படித்துவிட்டு, "இதை அந்தக் குத்துப்பாட்டு மெட்டில் பாடலாமே" என்று பாடியே காட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது எழுதி முடித்ததும் வரிகளை வேண்டுமென்றே ஒருமுறை கலைத்துவிடுகிறேன். ஒரு வரியில் ஒரு சொல், அடுத்ததில் ஆறு சொல் என்று. பாட முடியவில்லை என்றால்தான் கவிதை முடிந்தது என்று கணக்கு. இதை நடை என்பதா, தற்காப்பு என்பதா தெரியவில்லை.

* * *

பாதிப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவே இங்கே பலருக்குக் கூச்சம் இருப்பதைப் பார்க்கிறேன். எதற்குக் கூச்சம்? பாரதியே தொடக்கத்தில், ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் பெயரால், ஷெல்லிதாசன் என்று கையெழுத்துப் போட்டவர். அவர்மேல் பற்றுக்கொண்ட கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அந்தப் பாரதிதாசன்மேல் பற்றுக்கொண்ட இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் என்று வைத்துக்கொண்டு, பிறகு அதைச் சுரதா என்று சுருக்கினார். யாருக்குக் கடன் என்பதைப் பெயர்ப்பலகையிலேயே எழுதிவிட்டார்கள். அப்படி எழுதியதால் யாரும் யாருடைய நகலாகவும் நின்றுவிடவில்லை. சுரதா போன திசை உவமை, அவரை உவமைக் கவிஞர் என்றே சொல்கிறோம். பாரதிதாசனோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

என் அபிப்பிராயம், கடனை வெளியே சொல்லிவிட்டவனுக்குக் கை சுதந்திரமாக இருக்கிறது. "நான் யாரையும் படிப்பதில்லை, என் தனித்தன்மை போய்விடும்" என்று சொல்கிறவர்களின் கவிதையைப் படித்துப் பாருங்கள், போன மாதம் வந்த கவிதைகளையெல்லாம் சேர்த்து அரைத்தது போல இருக்கும். நான் சுரதாதாசன் என்று வைத்துக்கொள்ள நினைத்தேன். வீட்டில் ஒருமித்த எதிர்ப்பு.

* * *

என் தொடக்கம் வானம்பாடி. 1971இல் கோவையிலிருந்து வந்த அந்த இதழை அது வந்த காலத்தில் நான் பார்த்ததில்லை. அதன் வாரிசுகளின் வாரிசுகளைப் படித்துத்தான் எழுத வந்தேன். அதனால் என் முதல் நோட்டில் 'தோழனே', 'விடியல்', 'சூரியன்', 'ரத்தம்' நான்கும் எல்லாப் பக்கத்திலும் இருக்கும். அந்த இயக்கத்தை இன்றைக்கு எளிதாகக் கேலி செய்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. புதுக்கவிதை என்றால் சிலருக்கு மட்டும் புரிகிற விஷயம் என்றிருந்த நிலையை மாற்றியவர்கள் அவர்கள். மேடையில் நின்று கவிதை சொன்னால் கூட்டம் கேட்கும் என்று காட்டியவர்கள்.

ஆனால் எனக்கு மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை. 'எழுத்து' பழைய இதழ்கள் நூலகத்தில் கிடைத்தபோதுதான் அது உறைத்தது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய பத்திரிகை. அங்கே வந்த புதுக்கவிதைகளிலிருந்து தேர்ந்து 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. ந. பிச்சமூர்த்தியின் கவிதைகளில் ஒரு மனிதர் தனக்குத்தானே பேசிக்கொள்கிற சத்தம் கேட்கிறது. யாரையும் எழுப்பிவிட முயலாத குரல். எனக்கு ஏற்றது அதுதான் என்று தோன்றியது.

அதற்காக நான் செய்தது ஒரு தடைப் பட்டியல். விடியல், சிறகு, நிலா, ஜன்னல், மௌனம், இத்யாதி. நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தேன். மற்றவற்றை விட்டுவிடலாம், மௌனத்தை விடுவதுதான் பெரும்பாடு. முடிவு வராத கவிதைக்கெல்லாம் அது ஒரு ஆயத்த முடிவு. 'மௌனமாய்' என்று போட்டுவிட்டால் படிப்பவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். அதைத் தடுத்ததும், முடிக்க முடியாமல் நிற்கிற கவிதைகள் நோட்டில் குவிந்தன. பரவாயில்லை, அவை உண்மையிலேயே முடியாதவைதான்.

ஹைக்கூ எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாரதி 1916லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார், அதாவது நமக்கு நூறு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் போடுவதைத் தாண்டி ஏதாவது செய்யலாம்.

* * *

மேலே மெட்டிலிருந்து வந்தவர் சொன்னதற்கு ஒரு வரி. வரியைக் கலைக்காதீர்கள், சொல்லை மாற்றுங்கள். சந்தம் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அசையில். நான்கு வரியிலும் 'வந்தேன், நின்றேன், கண்டேன்' என்று ஓடினால் எப்படி உடைத்தாலும் பாட்டுதான். நடுவில் ஒரு 'வந்திருக்கக்கூடும்' போட்டால் குத்துப்பாட்டு தானாக நின்றுவிடும். (கண்ணாடிக் கவிதைக்காரன். அப்பா இன்னும் கோபமாக இருக்கிறார்.)

* * *

எல்லோரும் யாரைப் போல எழுதத் தொடங்கினீர்கள் என்று சொல்கிறீர்கள். எனக்கு யாரைப் போலவும் எழுத வரவில்லை, அதனால் ரொம்ப நாள் எழுதவே இல்லை. கவிதை என்றால் வீட்டில் பேசாத மொழியில் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். படித்ததில் பெண் வந்தால் நிலவாகவோ நதியாகவோ வருவாள். நான் இரண்டும் இல்லை.

'சொல்லாத சேதிகள்' கைக்கு வந்தது ஒரு தோழி மூலம். ஈழத்துப் பெண்களின் கவிதைத் தொகுப்பு, 1986இல் யாழ்ப்பாணத்தில் வந்தது. அட்டை போன பிரதி. அதில் இருந்தவர்கள் அலங்காரத்துக்கு நேரமில்லாதவர்களாக எழுதியிருந்தார்கள். எதிரே இருக்கிறவரிடம் நேராகச் சொல்வது போல. ஈழத்துக் கவிஞர் சிவரமணியைத் தேடிப் படித்ததும் அதன் பிறகுதான். அவர்களுடைய போரும் இழப்பும் என்னுடையவை இல்லை, அதை எடுத்துக்கொண்டு எழுதுவது எனக்குச் சரியாகப்படவில்லை. எடுத்துக்கொண்டது அந்தத் தொனியை. ஒருவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், பாதியில் நிறுத்தாமல் சொல்வது.

என்ன செய்துகொண்டிருந்தாய்
என்று கேட்டாய்
துணி மடித்துக்கொண்டிருந்தேன்
உன் சட்டையின் இரண்டு கைகளையும்
பின்னால் கட்டி வைத்தேன்

என் நடை என்று ஏதாவது இருந்தால் இவ்வளவுதான். 'நீ' என்று ஒருவர் எதிரில் இருப்பார், வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கும், வினைச்சொற்கள் அதிகமாகவும் அடைமொழிகள் அநேகமாக இல்லாமலும் இருக்கும். எழுதியதும் அடைமொழிகளைத் தேடி அடிப்பேன். முதல் பிரதியில் 'கசங்கிய சட்டை' என்றிருந்தது. மடிக்கிற சட்டை எப்படிக் கசங்கியிருக்கும்?

ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இதைப் படித்தேன். கோபம் எங்கே என்று ஒருவர் கேட்டார், கடைசியில் அதைத் தெளிவாக்கும் வரி ஒன்று வேண்டும் என்றார். இன்னொருவர், சட்டையை அப்படித்தானே மடிக்க வேண்டும், இதில் என்ன கவிதை என்றார். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் மட்டும் சத்தமாகச் சிரித்தார். வரி எதுவும் சேர்க்கவில்லை. வேறு யாராவது பெண்கள் இங்கே எழுதுகிறீர்களா? எதிலிருந்து தொடங்கினீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.