பிரட்பிக்கு வரும் கூட்டம் றக்பி லீக்குக்கும் வருமா?

மருதானையான்:
பரமட்டாத் தமிழன் நேற்று எழுதியதை மூன்று தடவை வாசித்தேன், எரிச்சல் தணியவில்லை. அவுஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற அணிகளை அழைத்து, கொழும்பில் ஒரு சர்வதேச றக்பி லீக் போட்டியை நடத்த வேண்டும் என்கிறார். அது அவருடைய ஆசை, அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால், "பிரட்பி பார்க்க வருகிற கூட்டமே அரங்கை நிரப்பிவிடும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிரட்பி கேடயத்துக்காக றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதுகின்றன. அங்கே வருகிறவர்கள் தங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார்கள். கடைசியாக நான் போனபோது எனக்கு முன்வரிசையில் எழுபது வயது கடந்த ஒருவர், அந்த வெயிலிலும் கல்லூரிக் கழுத்துப்பட்டியை அவிழ்க்காமல், பாதி ஆட்டம் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேல்வரிசையில் வகுப்புத் தோழர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் இங்கிலாந்தின் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்குவாரா?

பரமட்டாத் தமிழன்:
ஐயா, நான் பம்பலப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவன். இன்று நான் வாழும் மேற்குச் சிட்னியில், வென்ட்வேர்த்வில், டூங்காபி பக்கம் எங்கள் பிள்ளைகள் அங்குள்ள றக்பி லீக் கழகமான பரமட்டா அணியின் நீலமும் மஞ்சளுமான சட்டையோடுதான் கோயிலுக்கு வெளியே பந்து எறிகிறார்கள். றக்பி லீக்கை அறியாத ஊரில் அதை நடத்த முடியாது என்பது பழைய கதை. 2018இல் டென்வரில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆடின. 2024இல் அவுஸ்திரேலிய லீக் தன் பருவத்தையே லாஸ் வேகாஸில் தொடங்கி, நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை அரங்குக்குக் கொண்டுவந்தது. ஒக்டோபரில் சிட்னி நேரம் கொழும்பைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. கொழும்பில் பிற்பகல் 2.30க்கு ஆட்டம் தொடங்கினால் சிட்னியில் இரவு 8 மணி, தொலைக்காட்சிக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. கூட்டத்தைப் பொறுத்தவரை நான் எழுதியதில் மாற்றமில்லை. பிரட்பிக்கு வருபவர் எதற்காக வந்தாலும், அவர் றக்பி மைதானத்துக்கு நடந்து பழகியவர்.

ஹெவ்லொக் வீதி:
இருவரும் முதலில் எந்த றக்பியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவுபடுத்துவது நல்லது. இங்கே பாடசாலைகளும் கழகங்களும் ஆடுவது பதினைந்து பேர் கொண்ட யூனியன். 1895இல், சம்பள இழப்புக்கு ஈடு கொடுக்கலாமா என்ற சண்டையில் வட இங்கிலாந்துக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்துபோனதில் உருவானதுதான் லீக். அதில் பதின்மூன்று பேர், வெளியே போன பந்தை எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து தொடங்கும் லைன் அவுட் இல்லை, பந்தோடு ஓடுபவரை ஆறாவது தடவை மடக்கிப் பிடித்ததும், அதாவது ஆறாவது டெக்கிளோடு, பந்து எதிரணிக்குப் போய்விடும். உலக நிர்வாக அமைப்பும் வேறு. இலங்கை றக்பி சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மருதானையான்:
பதின்மூன்றோ பதினைந்தோ, என் கேள்வி அதுவல்ல. அவர் சொன்னது பிரட்பிக் கூட்டம். நான் மறுப்பதும் அதைத்தான். தம்பி, மைதானத்துக்கு நடந்து பழகியவர்கள் என்றால், கழக ஆட்டங்களுக்கு அவர்கள் ஏன் நடந்து வருவதில்லை? சென்ற பருவத்தில் ஒரு கழக ஆட்டத்துக்கு என் மகனோடு போயிருந்தேன். பின்வரிசையிலிருந்து நடுவரின் குரலைக் கேட்கும் அளவுக்கு அரங்கு வெறுமையாக இருந்தது, கடலை விற்றவர் இடைவேளைக்கு முன்பே கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டத்துக்கு நடுவே முழங்கும் பபரே வாத்தியமும் கல்லூரிக் கொடியும் இல்லாத இடத்தில் பிரட்பிக் கூட்டம் இல்லை. ஒக்டோபரில் பிற்பகல் என்று வேறு எழுதுகிறீர்கள். கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரமானால் இடியும் மழையும் என்பதை அங்கே போனதும் மறந்துவிட்டீர்களா?

பரமட்டாத் தமிழன்:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம், எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கழக ஆட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? 2024இல் றேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆசிய முதலாம் பிரிவுத் தொடரை நடத்தி, அதை வென்று மேற்பிரிவுக்கு ஏறியது இலங்கை அணி. அங்கே கரகோஷம் எழுப்பியவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டியைக் கட்டியிருந்தார்கள்? 1950இல் பிரித்தானியத் தீவுகளின் கூட்டு யூனியன் அணியான லயன்ஸ் அணியே கொழும்பில் இலங்கையுடன் ஆடியது. இந்த ஊருக்கு சர்வதேச றக்பி புதிதல்ல.

மருதானையான்:
ஐம்பத்தெட்டு என்றால் எனக்குத் தம்பிதான். லயன்ஸ் அணி ஊர் திரும்பும் கப்பல் கொழும்பைத் தொட்டுப் போனதால் இங்கே ஆடியது, நம் கூட்டத்தைத் தேடி வரவில்லை. 2024இல் அரங்குக்கு வந்தவர்கள் இலங்கைக் கொடிக்காக வந்தார்கள். நீங்கள் கேட்பதோ இரண்டு வெளிநாட்டு அணிகளின் ஆட்டம். அதில் பள்ளிக்கொடியும் இல்லை, நாட்டுக்கொடியும் இல்லை. பிரான்ஸ் 2025 லீக் உலகக் கிண்ணத்தை ஏற்றுக்கொண்டு, பணத்துக்கு அரசு பொறுப்பேற்க மறுத்ததும் 2023இல் கைவிட்டது. லீக் பல ஆண்டுகளாக வேரோடியிருக்கும் நாட்டுக்கே அந்த நிலை என்றால், வெறும் பிரட்பிக் கூட்டத்தை நம்பி யார் இங்கே பணம் போடுவார்?

வத்தளை வாசகி:
இருவரும் "நம் கூட்டம்", "எங்கள் கூட்டம்" என்று எழுதுகிறீர்கள். அந்தக் கூட்டத்தில் நாங்கள் எப்போது இருந்தோம்? என் மகன் கொழும்பில் ஒரு பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படித்தவன். பதின்மூன்று வயதில் றக்பிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தபோது, "தமிழ்ப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் போதும்தானே" என்று பொறுப்பாளர் ஒருவர் சொல்லித் திருப்பி அனுப்பினார். அன்று வாங்கிய பூட்ஸை அவன் ஒரு நாள்கூடப் போடவில்லை. லீக் யாருடைய பள்ளிக்கூடத்துக்கும் சொந்தமில்லாத ஆட்டம் என்பதால்தான் அது இங்கே வரவேண்டும் என்று நான் விரும்புகிறேன். நான் சீட்டு வாங்குவேன்.

மருதானையான்:
அம்மா, உங்கள் மகனுக்கு நடந்தது அநியாயம், அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் அது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. உங்களை வெளியே நிறுத்திய அந்தக் கூட்டம்தான் பிரட்பிக் கூட்டம். அதை நம்பித்தான் இவர் அவுஸ்திரேலியாவைக் கூப்பிடச் சொல்கிறார்.

பரமட்டாத் தமிழன்:
ஒரு தாயின் வேதனையை உங்கள் வாதத்துக்கு ஆயுதமாக்காதீர்கள்.

வத்தளை வாசகி:
என் வேதனையை நானே எழுதிக்கொள்வேன், இருவரும் அதை விட்டுவிடுங்கள். அரங்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. றேஸ்கோர்ஸா, சுகததாச விளையாட்டரங்கா?

ஹெவ்லொக் வீதி:
லீக் மைதானம் 100 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். இரு முனைகளிலும் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுக்கும் (ட்ரை வைக்கும்) பகுதி அதற்கு மேலதிகம். சுகததாசவில் இருக்கைகள் அதிகம், ஆனால் மெய்வல்லுநர் ஓடுபாதை சுற்றி ஓடுவதால் அந்த முனைப்பகுதிகள் நெருக்கப்படும். றேஸ்கோர்ஸ் றக்பிக்கென்றே அமைத்த அரங்கு. போர்க்காலத்தில் விமான ஓடுதளமாக இருந்து, 1942 உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானியரை எதிர்க்க ஹரிக்கேன் விமானங்கள் கிளம்பிய நிலம் அது. அங்கே நடத்துவதே பொருத்தம்.

மருதானையான்:
விமானம் ஏறிய இடமாக இருக்கட்டும், குதிரை ஓடிய இடமாக இருக்கட்டும். அந்த இருக்கைகளில் யார் வந்து அமர்வார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. பிரட்பிக்கு வரும் கூட்டம் வராது.

பரமட்டாத் தமிழன்:
வரும். டிசம்பரில் கொழும்புக்கு வருகிறேன். றீட் அவெனியூவில் றோயல் மைதான வாசலில் நில்லுங்கள் ஐயா, அங்கே நான் கூட்டிவரும் பழைய மாணவர்களிடம் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

மருதானையான்:
பழைய மாணவர்களைத்தானே கூட்டிவரப் போகிறீர்கள்?