எங்கள் தெரு வேலைக்கு ரெண்டே ரெண்டு டெண்டர்: இது சிண்டிகேட்டா, வழக்கமே இப்படித்தானா?

மூணாவது குறுக்குத் தெரு:

வணக்கம். எங்களுடையது ஒரு சின்ன நகராட்சி, ஊர்ப்பெயர் வேண்டாம். எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்து பேவர் பிளாக் போட டெண்டர் விட்டிருக்கிறார்கள், மதிப்பீடு 18 லட்சத்துச் சொச்சம். சும்மா ஆர்வத்தில் தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் தேடினேன். விலைப்புள்ளி திறந்த ஒப்பீட்டு அட்டவணை வரைக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மொத்தம் ரெண்டு பேர். ஒருத்தர் மதிப்பீட்டை விட 0.4 சதவீதம் குறைவு, இன்னொருத்தர் 3.9 சதவீதம் அதிகம். சரி, இருக்கட்டும் என்று போன வருஷ வடிகால் வேலையையும் திறந்து பார்த்தால் அதிலும் இதே ரெண்டு பேர், இடம் மட்டும் மாறியிருக்கிறது: அதில் இவர் கூடுதல், அவர் குறைவு.

இதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் புகார் எழுதினால் வேலையே நின்றுவிடுமோ என்றும் பயம். மழை பெய்தால் அப்பா கடைக்குப் போக முடியாத தெரு இது, பத்து வருஷம் கேட்டு வாங்கியிருக்கிறோம். இன்னொன்று, முன்பு எங்கள் வாசலில் மூன்று படி இருந்தது, ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு இப்போது ஒரு படிதான் மிச்சம். யாரிடம், எதைக் கேட்பது?

சின்ன காண்ட்ராக்டர்:

நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், வேறு மாவட்டம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நீங்கள் நினைக்கிறதுதான். ஒரே ஒரு டெண்டர் வந்தால் மறு டெண்டர் போகும் வாய்ப்பு அதிகம், அதனால் எடுக்க வேண்டியவர் துணைக்கு ஒரு டம்மியைப் போட வைப்பார். அடுத்த வேலையில் டம்மி எடுப்பார், இவர் துணை நிற்பார். ஆனால் அட்டவணையை மட்டும் வைத்து இதை நிரூபிக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மூன்றாவது ஆள் ஏன் வரவில்லை என்று யோசித்தீர்களா? நான் என் பக்கத்து நகராட்சியில் போடுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. காரணம் மிரட்டல் எல்லாம் இல்லை, பில். வேலை முடித்து பில் போட்டால் நிதி வரவில்லை என்பார்கள், ஒரு பில்லுக்கு 14 மாதம் நடந்தேன். அதுவரை ஜல்லிக்காரருக்கும் பிளாக் கம்பெனிக்கும் நான்தான் வட்டி கட்ட வேண்டும். பிறகு பில் பாஸாகும்போது வருமான வரிக்கு 1 சதவீதம் (கம்பெனியாக இருந்தால் 2), ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்றால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2, தொழிலாளர் நல நிதி 1, அப்புறம் வைப்புத் தொகையாக நிறுத்துவது வேறு. வரி பிறகு கணக்கில் வரும் என்பது உண்மை, கையில் பணம் இல்லாதவனுக்கு அந்தப் ‘பிறகு’தான் பிரச்சனை. இதையெல்லாம் தாங்குகிற ஆள் ஒரு ஊரில் ரெண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அவர்கள் தனியாகக் கூடிப் பேச வேண்டிய அவசியமே இல்லை, ஒரே டீக்கடைதான்.

0.4 சதவீதம் குறைவு என்று கோபப்படுகிறீர்கள். 22 சதவீதம் குறைவாக ஒருத்தர் எடுத்திருந்தால் நான் உங்கள் தெருவுக்காக இன்னும் பயப்படுவேன். அந்தப் பணத்தை அவர் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டுமே.

ரிட்டயர்டு ஏ.இ.:

தம்பி, ரெண்டு நகராட்சியிலும் ஒரு பேரூராட்சியிலும் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் டெண்டர் திறக்கிற நாளையே பார்க்கிறீர்கள். டெண்டர் முடிந்த கதை. பணம் போகிற இடம் அதற்கு முன்னால் மதிப்பீடு, பின்னால் எம்-புக், அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகம்; அதை வைத்துத்தான் பில்.

முதலில் சட்டம். இதற்கென்று 1998-லேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது, விதிகள் 2000-இல். டெண்டர் போட 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் டெண்டரில் தேதியைப் பாருங்கள், 7 நாள்தான் கொடுத்திருந்தால் அதுதான் நீங்கள் பிடிக்க வேண்டிய முதல் நூல். விலை சந்தை விலையை விட அதிகம் என்று தோன்றினால் குறைந்த விலை போட்டவரிடம் மட்டும் பேசிக் குறைக்கலாம், இரண்டாம் ஆளைக் கூப்பிட்டுப் பேச முடியாது. மேல்முறையீடு உண்டு, 10 நாளுக்குள், ஆனால் அது டெண்டர் போட்டவருக்குத்தான், தெருக்காரருக்கு இல்லை.

உங்களுக்கு இருப்பது ஆர்.டி.ஐ., தகவல் அறியும் உரிமைச் சட்டம். எல்லாரும் நகல் மட்டும் கேட்கிறார்கள். 2005 சட்டத்தின் 2(ஜெ) பிரிவைப் படித்துப் பாருங்கள், வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுக் கொடுங்கள். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள், உங்கள் தெரு வேலை மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அதனால் வேலை உத்தரவு கொடுத்த அன்றைக்கே மனுப் போட வேண்டும். அதற்குள் அவசரமாக வேண்டும் என்றால் கவுன்சிலரிடம் போங்கள். மன்றக் கூட்டத்துக்கு முன்னால் அவருக்கு அஜெண்டா வந்துவிடும், அதில் உங்கள் தெரு, தொகை, ஒப்பந்ததாரர் எல்லாம் ஒரு பத்தியில் இருக்கும். ஏரியா சபை என்று ஒன்று 2022 நவம்பர் 1 முதல் கூட்டுகிறார்கள், அங்கே எழுந்து கேட்டால் மினிட்ஸில் ஏறும்.

படி விஷயம்: பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைக்கும் எழுதினார். அது தார் ரோட்டை மனதில் வைத்து எழுதியது. உங்கள் மதிப்பீட்டில் பழைய தளத்தைத் தோண்டி அப்புறப்படுத்த ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உங்களுக்கு இந்த ஒரு படியும் போகும்.

வேப்பமரம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ரோடாவது பரவாயில்லை, கண்ணால் பார்க்கலாம். குப்பை ஒப்பந்தத்தில் என்ன அளப்பீர்கள்? நான் ஒரு துப்புரவு ஒப்பந்ததாரரிடம் சூப்பர்வைசராக ஒன்றரை வருஷம் இருந்தேன். டன்னுக்கு இவ்வளவு என்று ரேட். ஒரு லாரி எடை மேடையில் ஏறும்போது அடியில் கட்டட இடிபாடு, மேலே குப்பை. மழைக்காலம் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம், நனைந்த குப்பை கனக்கும். வீடு வீடாகப் போய்த் தரம் பிரித்து வாங்கினால் எடை குறையும், அதாவது ஒழுங்காக வேலை செய்தால் நஷ்டம். ஒப்பந்தமே அப்படி எழுதினால் ஆளைக் குறை சொல்லி என்ன செய்ய?

தலைக்கு இவ்வளவு என்கிற ஒப்பந்தம் இன்னொரு வகை, அதில் மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) 40 பேர் இருப்பார்கள், தெருவில் 28 பேர். மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கிற தினக்கூலிக்கும் அவர்கள் கைக்கு வருகிற காசுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பி.எஃப். பிடித்தம் என்பார்கள், பாஸ்புக்கை யாரும் பார்த்ததில்லை. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளுக்கு 2022 அக்டோபரில் வந்த, துப்புரவு வேலையை ஒப்பந்தத்துக்கு விடச் சொல்கிற அரசாணை 152-க்கு எதிராகத் தூய்மைப் பணியாளர்கள் ஏன் தெருவில் உட்கார்ந்தார்கள் என்று எனக்கு அப்போதே புரிந்தது.

மூணாவது குறுக்குத் தெரு:

எல்லாருக்கும் நன்றி. ஏ.இ. சார், சொன்னபடி கவுன்சிலர் வீட்டில் போய் அஜெண்டா பார்த்தேன். (கவுன்சிலர் அம்மா ஊரில் இல்லை, அவர் கணவர்தான் எடுத்துக் கொடுத்தார், அது வேறு கதை.) டெண்டருக்கு 16 நாள் கொடுத்திருக்கிறார்கள், அதில் தப்பு இல்லை. மதிப்பீட்டு நகலும் கிடைத்தது. தெருவின் அகலம் முழுக்க 3.60 மீட்டர் என்று இருக்கிறது. நானும் எதிர்வீட்டு அண்ணனும் டேப் பிடித்து அளந்தோம். பிள்ளையார் கோயில் தாண்டி 60 மீட்டர் தூரத்துக்கு 3.05தான் வருகிறது. இதைப் பிடித்துப் புகார் போடலாமா?

ரிட்டயர்டு ஏ.இ.:

போடாதீர்கள், அவசரம் வேண்டாம். மதிப்பீட்டில் சராசரியாக எழுதுவது சகஜம், சில சமயம் சோம்பேறித்தனமும் உண்டு, நானே செய்திருக்கிறேன். மதிப்பீடு 3.60 என்றாலும் எம்-புக்கில் 3.05 என்று ஏறினால் 3.05-க்குத்தான் பணம். 33 சதுர மீட்டர் வித்தியாசம், அதை பில் போட்ட பிறகு எம்-புக்கைப் பார்வையிட மனுக் கொடுத்துச் சரிபாருங்கள். இப்போதே சொன்னால் உஷாராகிச் சரியாக எழுதிவிடுவார்கள், அதுவும் நல்லதுதான், உங்கள் இஷ்டம்.

இப்போது பார்க்க வேண்டியது வேறு. பிளாக் எத்தனை கனம் என்று இருக்கிறது? 60 மி.மீ. என்றால் உங்கள் தெருவுக்குப் போதும், தண்ணி லாரி தினமும் வந்தால் 80 கேட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே ஜல்லித் தளம் எவ்வளவு, அதன் மேல் எம்-சாண்ட் எவ்வளவு? பிளாக் அடுக்கிய பிறகு கீழே என்ன இருக்கிறதென்று சாமிக்குத்தான் தெரியும். ஆறு மாதத்தில் லாரிச் சக்கரம் போகிற ரெண்டு தடமும் அமுங்கிக் குழியானால் அது பிளாக்கின் தப்பு இல்லை, அடியில் ஏமாற்றியது. ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டிய அன்றைக்கு ஸ்கேலோடு நில்லுங்கள்.

சின்ன காண்ட்ராக்டர்:

நிற்கும்போது மேஸ்திரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கிண்டல் இல்லை. எத்தனை லோடு சொன்னார்கள், எத்தனை வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

மூணாவது குறுக்குத் தெரு:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். மதிப்பீட்டில் ஜல்லித் தளம் 150 மி.மீ. நேற்றுச் சாயங்காலம் ரோலர் போனதும் நாலு இடத்தில் குத்திப் பார்த்தோம்: 140, 145, கோயில் பக்கம் 90, அதைத் தாண்டி 95. கம்பியை ஊன்றி, ஸ்கேலோடு தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து இளநிலைப் பொறியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திட்டுவார் என்று நினைத்தேன். காலையில் ஏழு மணிக்கே வந்து அவரே குத்திப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். கோயில் பக்கம் பிளாக் அடுக்க வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள், நாளைக்கு ரெண்டு லோடு வருமாம். டீக்கு முப்பது ரூபாய் ஆனது.