டீக் என்ற ஆங்கிலச் சொல் நம் தேக்கிலிருந்து போனதா?

கேள்வி (கல்லூரி மாணவி, கானாடுகாத்தான்):
எங்கள் வீட்டைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் உள்முற்றத்து வளவுத் தூண்களைத் தடவிப் பார்த்து 'பர்மா டீக்' என்றார். டீக், தேக்கு இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன. யாரிடமிருந்து யார் வாங்கிய சொல் இது?

பதில் (மரவேலைக்காரர், காரைக்குடி):
நம் பக்கத்திலிருந்து போனதுதான், தங்கச்சி. தமிழிலும் மலையாளத்திலும் தேக்கு. மேற்குக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் அதை 'தேக்கா' ஆக்கினார்கள். அவர்கள் வாய்வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. பர்மிய மொழியில் இந்த மரத்துக்கு வேறு பெயர். ஆக உங்கள் தூண் பர்மாக் காட்டில் வளர்ந்தது, அதன் ஆங்கிலப் பெயர் நம் கரையில் பிறந்தது! எனக்கு இதில் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

ஆங்கிலத்தில் மரத்துக்கும் பலகைக்கும் டீக் என்றே சொல்வார்கள். ஆனால் வியாபாரத்தில் இந்தப் பெயரை ரொம்பத் தாராளமாக ஒட்டுகிறார்கள். 'ஆப்பிரிக்க டீக்' என்று விற்கும் இரோகோ என்ற மரம் தேக்கு இனமே இல்லை. அசல் தேக்கின் தாவரப் பெயர் டெக்டோனா கிராண்டிஸ். அதில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை இருக்கும், கரையான் எளிதில் அண்டாது. பழைய நிலைக்கதவை விற்கச் சொல்லி யாராவது வந்தால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் (தாவரவியல் ஆசிரியை, தேவகோட்டை):
அண்ணன் சொன்னது சரி. கூடுதலாக ஒன்று: தேக்கும் துளசியும் இப்போது ஒரே தாவரக் குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளன.

மாணவி:
துளசியுமா! நன்றி அண்ணே, நன்றி டீச்சர். கதவை விற்க மாட்டோம்.