கச்சானுக்கு ஒரு கணக்கு, மாரிக்கு ஒரு கணக்கு: வீட்டில் வாத்துக் குஞ்சு பொரித்த அனுபவங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து

வாத்து முட்டையை இன்கியூபேட்டரில், அதாவது குஞ்சு பொரிக்கிற பெட்டியில் வைத்தவர்கள் எல்லாரும் முதலில் சூட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 பாகை. அதில் பிரச்சினை இல்லை, தெர்மோஸ்டாட் நல்லதென்றால் சூடு தன்பாட்டில் நிற்கும். எங்கட பக்கத்தில் குஞ்சு சாகிறது ஈரத்தால்.

தண்ணீர்த் தட்டு எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும் என்று பெட்டி விற்கிறவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில் அதைக் கேட்கலாம். கொடியில் போட்ட சாரம் கண்மூடித் திறக்கமுன் காய்கிற காற்று அது. மாரியில், கதவு ஊதிப் பூட்ட முடியாமல் நிற்கிற காலத்தில், அதே தட்டை நிரப்பினால் முட்டையில் இருக்கிற தண்ணீர் வெளியேறாது. வைத்த நாள் தொடங்கி ஓடு வெடிக்கும் வரை வாத்து முட்டை தன் நிறையில் நூற்றுக்கு 12 முதல் 14 வரை இழக்க வேண்டும். 70 கிராம் முட்டையென்றால் கிட்டத்தட்ட 9 கிராம். அது குறையாவிட்டால் உள்ளே தடித்த முனையில் இருக்கிற காற்றறை பெருக்காது. குஞ்சு முழுசாக வளர்ந்து, மூக்கை நீட்டி மூச்செடுக்க இடமில்லாமல் கடைசி நாளில் செத்துப்போகும். மறுகா நாங்கள் "கறண்ட் போனதாலதான்" என்று பழியை மின்சாரசபையில் போடுவோம்.

நான் மாரியில் கடைசி மூன்று நாள் வரைக்கும் தட்டில் தண்ணீர் விடுவதேயில்லை. பெட்டிக்குள் ஈரப்பதம் அப்படியே நூற்றுக்கு 50-ஐ ஒட்டி நிற்கும். மலிவான மீட்டர் பொய் சொல்லும், முட்டை சொல்லாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அட்டையில் ஓட்டை போட்டு, அதன் கீழே போன் டோர்ச்சைப் பிடித்து முட்டையின் தடித்த முனையை வையுங்கள். காற்றறையின் விளிம்பு கோடாய்த் தெரியும். பென்சிலால் அதன்மேல் கீறுங்கள். 7, 14, 21-ஆம் நாட்களில் கீறிய கோடுகள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாய் இறங்கிவர வேண்டும். இறங்கவில்லையென்றால் தண்ணீரை எடுங்கள், கூட இறங்கினால் வையுங்கள். முதல் வாரத்தில் சிலந்தி மாதிரி நரம்பு ஓடாத முட்டை கூழ்முட்டை. அதை அன்றைக்கே தூக்கிவிடுவது நல்லது, வெடித்தால் வீடே நாறும்.

கடைசி மூன்று நாளுக்குப் புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை 70-க்கு மேலே ஏற்ற வேண்டும். இது எந்தக் காலத்திலும் மாறாது. ஆகமொத்தம் 28 முதல் 31 நாள்.

நிந்தவூரிலிருந்து

அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் பெட்டி இல்லாதவர்கள் என்ன செய்கிறது? எங்கட உம்மா காலத்திலிருந்து அடைக்கோழிதான். ஒரு கோழிக்கு நாலு வாத்து முட்டை, பெரிய கோழியென்றால் ஐந்து. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும்.

கோழியின் கணக்கு 21 நாள், வாத்தின் கணக்கு 30. அதனால் புதிதாக அடை விழுந்த கோழியைத்தான் பிடிக்க வேண்டும். ஏற்கனவே பத்து நாள் படுத்த கோழி இடையில் எழும்பிப் போய்விடும். இன்னொன்று, வாத்து முட்டையைப் புரட்டக் கோழிக்குப் பலம் போதாது. ஒரு பக்கம் பென்சிலால் புள்ளடி போட்டுவிட்டு, கோழி தீன் தின்ன இறங்குகிற நேரம் நாங்கள்தான் புரட்ட வேண்டும். பேனையால் கீறாதீர்கள், மை உள்ளே இறங்கும்.

ராத்தா ஒருவர் "முட்டையை நனைக்கக் கூடாது" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். தாய் வாத்து நாளுக்கொரு தடவை எழும்பிப் போய்க் குளித்துவிட்டு ஈரச் செட்டையோடு வந்துதானே படுக்கிறது? ஒரு வாரம் போனபின் நாளுக்கொரு தடவை பத்து நிமிடம் ஆறவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரை ஒள்ளுப்பம் தெளிக்கலாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்களே, அப்போது எங்கட கோழிக்கு ஒன்றும் தெரியாது.

களுவாஞ்சிகுடியிலிருந்து

அது உண்மை தங்கச்சி. அந்த நாட்களில் பெட்டியைப் போர்வையால் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்துத்தான் ஒப்பேற்றினேன். ஆறிய முட்டை தாங்கும். சூடு கூடினால்தான் தப்பாது.

அக்கரைப்பற்றிலிருந்து

முட்டையில் நேற்று மத்தியானம் வெடிப்பு விழுந்தது. கீச்சென்று சத்தமும் கேட்கிறது. இன்னும் வெளியே வரவில்லை. உரித்து விடவா?

நிந்தவூரிலிருந்து

உரிக்காதே மகன்! வெடித்ததிலிருந்து வெளியே வர வாத்துக்கு ஒன்றரை, இரண்டு நாள்கூட எடுக்கும். ஓட்டுக்கு உள்ளே இருக்கிற தோலில் இரத்த நரம்பு ஓடும். அது வற்றி, மஞ்சள் கரு வயிற்றுக்குள் போனபின்தான் குஞ்சு சுற்றிக்கொத்தத் தொடங்கும். அதற்கு முன் உரித்தால் இரத்தம் வரும். மூடியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதே, தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிவிடும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து

பொரித்தபின் உள்ள கதையை யாரும் சொல்லவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்களுக்கு முட்டையை விடக் குஞ்சுதான் கஷ்டம்.

பழைய பேப்பர் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் இரண்டும் விரிந்துவிடும். சாக்கு விரியுங்கள். குடிக்கும் பாத்திரம் மூக்குத் துளை முங்குகிற ஆழம் இருக்க வேண்டும், ஆனால் குஞ்சு விழுந்து கிடக்கிற அகலம் வேண்டாம். தாய் இல்லாமல் பெட்டியில் பொரித்த குஞ்சின் மயிரில் எண்ணெய் இல்லை, கிணற்றடித் தொட்டியில் நீந்தவிட்டால் நனைந்து விறைத்துச் சாகும்.

கோழிக் குஞ்சுத் தீன் மட்டும் கொடுத்தால் விட்டமின் பி3 போதாமல் கால் வளையும். மிருக மருந்துக் கடையில் தண்ணீரில் கலக்கிற பி விட்டமின் கிடைக்கும். அடுத்த கிழமையிலிருந்து அறுகம்புல், கங்குன் கீரை பொடியாக வெட்டிப் போடுங்கள். புரதம் கூடின தீனை வளர வளர அள்ளிப் போட்டால் செட்டை நுனி வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். தொடக்கத்திலேயே மடித்துச் சீலையால் கட்டினால் நிமிரும், வளர்ந்தபின் நிமிராது.

கீரி, மரநாய், காகம், பருந்து எல்லாம் காவல் நிற்கும். வாவியோரம் என்றால் கபரக்கொய்யாவும் (நீர் உடும்பு) சேர்த்தி. கூட்டுக்குப் பெரிய கண் வலை வேண்டாம். மருந்தடித்த வயலுக்குள் இறங்கவும் விடாதீர்கள்.

குஞ்சு முதல் நாளில் யாரைக் காண்கிறதோ அவர் பின்னாலேயே திரியும். இதை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. என்னுடைய மகளுக்குப் பள்ளிக்கூடம் போகவே விடுகிறதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து

வந்துவிட்டது! காய்கிறது. அடுத்த தடவைக்கு நல்ல முட்டையை எப்படிப் பார்த்து வாங்குகிறது?

களுவாஞ்சிகுடியிலிருந்து

புதிதாக இடத் தொடங்கின வாத்தின் முட்டையை வாங்காதே, கரு கட்டுவது குறைவு. இரண்டாம் வருசத்து வாத்தாகவும், சேவல் வாத்தோடு இறங்கி மிதக்கக் குளமோ தொட்டியோ உள்ள வீடாகவும் பார். இட்டு ஏழு நாளுக்கு உள்ளே, கழுவாத முட்டை. பிரிட்ஜில் வைத்ததென்றால் சமைத்துச் சாப்பிடு.