டைட்டானிக்கைத் தூக்கிய நாவலும் ஓரத்தில் ஒரு பென்சில் கணக்கும்

நான்காம் பொறியாளராகக் கப்பலேறிய முதல் ஒப்பந்தத்தின்போது, ஓய்வறை அலமாரியில் யார் யாரோ விட்டுச்சென்ற புத்தகங்களுக்கிடையே கிளைவ் கஸ்லரின் ‘ரெய்ஸ் தி டைட்டானிக்’ நாவல் எனக்குக் கிடைத்தது. முன்னட்டை இல்லை, பக்கங்களில் டீசல் வாடை. டிர்க் பிட் என்னும் நாயகனை வைத்து அவர் எழுதிய சாகச வரிசையில் 1976இல் வந்த புத்தகம் அது.

ஏவுகணைகளைத் தடுக்கும் ரகசியத் திட்டம் ஒன்றுக்காக அமெரிக்காவுக்கு பைசானியம் என்ற (கற்பனையான) தாது தேவைப்படுகிறது. நோவயா செம்லியா தீவில் தோண்டியெடுக்கப்பட்ட அந்தத் தாது டைட்டானிக்கின் பெட்டக அறையோடு மூழ்கிவிட்டதாகத் தடயங்கள் சொல்லவே, கப்பலையே தூக்கிவிடுவதென்று முடிவாகிறது. சோவியத் உளவாளிகளும் உண்டு. பெட்டகத்தில் என்ன இருந்தது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

1985 செப்டம்பர் 1 அன்று பிரெஞ்சு–அமெரிக்கக் குழு உண்மையான டைட்டானிக்கைக் கண்டுபிடித்தபோது அது இரண்டு துண்டாகக் கிடந்தது என்பதை அறிந்துகொண்டுதான் நான் படிக்கத் தொடங்கினேன். நாவலில் கப்பல் முழுசாகக் கிடக்கிறது. முதலில் எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் கப்பல் உடையாமலே மூழ்கியதாக 1912இல் பிரிட்டிஷ் விசாரணையே முடிவு கட்டியிருந்தபோது, நாவலாசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று.

என்னை நிறுத்தியது வேறொரு பக்கம். மீட்புக் குழுவினர் கப்பலின் ஓட்டைகளை அடைத்துவிட்டு, உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றும் இடத்தில், எனக்கு முன் படித்த எவரோ ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்றால் பன்னிரண்டாயிரம் அடிக்கு 365 பார் என்று எழுதி, அதன் கீழே இரட்டைக் கோடிட்டு ‘30’ என்று முடித்திருந்தார். அந்த 30 என்னவென்று எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. மெயின் எஞ்சினைக் கிளப்பும் காற்றுக் கொள்கலன்களில் நாங்கள் நிரப்பிவைக்கும் அழுத்தம், 30 பார், அது. அதை நிரப்புவதற்கே கம்ப்ரஸர் மூச்சு வாங்கும்.

வாய்விட்டுச் சிரித்தேன். இருந்தும் கப்பல் நீரைப் பிளந்து மேலெழும் அத்தியாயத்தை முடிக்காமல் எழ மனம் வராததால், வாட்சுக்கு (என் பணிமுறைக்கு) எட்டு நிமிடம் தாமதமாக இறங்கி, இரண்டாம் பொறியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தும் கை பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தது. அதுதான் கஸ்லரின் கெட்டிக்காரத்தனம். புத்தகத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தேன், அந்த 30க்குக் கீழே நானும் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்து.

(இதற்கு வாசகர் ஒருவர் எழுதிய பின்னூட்டம்:) மேலே எழுதிய நண்பருக்கு வணக்கம். எனக்கு இந்த வரிசை படம் வழியாக அறிமுகமானது. இந்த நாவலை வைத்து 1980இல் வந்த அந்தப் படம், பெரும் பணத்தை விழுங்கியும் ஓடவில்லை. மால்டாவில் ஏறத்தாழ 17 மீட்டர் நீள மாதிரிக் கப்பலை வைத்து எடுத்த காட்சி மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் கஸ்லரை நான் மதிக்கத் தொடங்கியது தெற்கு கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டனில். நாவலில் வரும் நுமா என்ற கற்பனை நிறுவனத்தின் பெயரிலேயே 1979இல் அவர் உண்மையான அமைப்பொன்றைத் தொடங்கினார். 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் போர்க்கப்பல் ஒன்றைத் தாக்கி மூழ்கடித்துவிட்டுத் தானும் எட்டுப் பேருடன் மறைந்துபோன ஹன்லி என்ற நீர்மூழ்கியை, 1995இல் அந்த அமைப்பின் குழு கண்டுபிடித்தது. வெறும் ஒன்பது மீட்டர் ஆழம்தான். ஆயினும் மேலே கொண்டுவர 2000 ஆகஸ்ட் வரை ஆயிற்று. காற்றையெல்லாம் யாரும் உள்ளே செலுத்தவில்லை. அடியில் வார்ப்பட்டைகளைக் கோத்து, உடலுக்கும் பட்டைக்கும் நடுவே நுரை நிரப்பிய பைகளைத் திணித்து, சாய்ந்து கிடந்த கோணம் மாறாமல் அப்படியே தூக்கினார்கள். நார்த் சார்ல்ஸ்டனில் நான் பார்த்தபோது அது, இரும்பு அரிக்காமல் காக்கும் காரக் கரைசல் தொட்டிக்குள் துரு நிறத்தில், நான் நினைத்திருந்ததைவிடச் சிறியதாகக் கிடந்தது.