புதுப்பிப்பு: வெலிங்டன் பயிற்சிக்குப் போகும் தம்பி

தம்பி அக்னிவீர் (ராணுவத்தில் நான்கு ஆண்டுப் பணி) தேர்வில் பாஸ் ஆகிவிட்டான், நீலகிரியில் உள்ள வெலிங்டன் ராணுவ மையத்தில் பயிற்சி தொடங்குமுன் உடம்பை எப்படித் தயார்படுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி 60 மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் தேர்வு ஓட்டம் வேறு, நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் ஓடுவதும் வேறு. அதனால் இப்போது வேகத்தை விட்டுவிட்டு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில் தூரத்தைக் கூட்டுகிறான். விடியுமுன்பே மெரினா போய்விடுவோம். வெயில் ஏறினால் இந்தப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு சூடு தணியாது.

நடுவில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தது. டாக்டர் எலும்பு நெடுக விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் கீறல் இருக்கலாமாம். நல்லவேளை, அப்படி இல்லை. ஓட்டத்தைக் குறைத்து நடையைக் கூட்டியதில் சரியாகிவிட்டது. தயவுசெய்து யாரும் அந்த வலியோடு ஓடாதீர்கள்.

புல்-அப்ஸ் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) பற்றிக் கேட்டவர்களுக்கு: குதித்துக் கம்பிக்கு மேல் தாடையைக் கொண்டுபோய், மெல்ல மெல்ல இறங்கிப் பழகினான். அதுதான் பலன் தந்தது.

அப்புறம், வெலிங்டன் 1,800 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே பயிற்சி எடுத்த அண்ணன்மார் யாராவது இருந்தால், முதல் வாரம் மூச்சு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.