மிதவை மணல் ஃபில்டருக்கு 75 மி.மீ. அக்ரிலிக் குழாய்: எக்ஸ்ட்ரூடடா, காஸ்ட்டா?

அம்மாபேட்டை ஏஞ்சல்
200 லிட்டர் மீன் தொட்டி, கீழே சம்ப் (தண்ணி இறங்கி வடிகட்டித் திரும்பற தொட்டி). அதுக்கு மிதவை மணல் ஃபில்டர் ஒண்ணு செய்யணும், குழாய்க்குள்ள ஏறற தண்ணியில மணல் மிதக்கற வகை. இங்க சேலத்துல போர்டு செய்யற கடையில 75 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர், எக்ஸ்ட்ரூடட் குழாய் அடிக்கணக்குல வெட்டித் தர்றாங்க. காஸ்ட் (அச்சுல வார்த்தது) வேணும்னா சென்னையிலிருந்து வரணும், முழுக் குழாயாத்தான் எடுக்கணும், விலையும் ரெண்டு மடங்குக்கு மேல. எனக்குத் தேவை 60 செ.மீ. தான். எதை வாங்கறது? கையில மணிக்கு 1000 லிட்டர் தள்ற மோட்டார் இருக்கு.

சங்ககிரி வடிகட்டி
காஸ்ட் வாங்குங்க, யோசிக்காதீங்க. எக்ஸ்ட்ரூடட் குழாயைச் சூடா இழுத்துக் குளிர வைக்கறாங்க, அந்த இழுவிசை சுவருக்குள்ளயே தங்கிடும். அது மேல அக்ரிலிக்கை ஒட்டற குளோரோஃபார்ம் பட்டதும் ஒட்டின இடத்தைச் சுத்தி மயிரிழை விரிசல் ஓடும். அன்னிக்கே தெரியாம, நாலஞ்சு மாசம் கழிச்சும் வரலாம். காஸ்ட்டுல அந்த உள் இழுவிசை ரொம்பக் குறைவு. மரத்தூள் மாதிரி உதிரியா வெட்டுப்படும், இளகி ஒட்டாது.

கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார். ஒரு துண்டு வாங்கி டிரில் போட்டுப் பாருங்க. நூல் நூலா இளகி பிட்டுல சுத்தினா எக்ஸ்ட்ரூடட். பொடியும் சில்லுமா உதிர்ந்தா காஸ்ட்.

லேத்துக்காரன்_கொண்டலாம்பட்டி
டிரில் சோதனை சரி. மத்தது மிகைங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சம்ப்லேந்து ஒன்றரை மீட்டர் உயரம் தண்ணி நின்னா அழுத்தம் 0.15 கிலோ/ச.செ.மீ. குழாயின் உள்விட்டம் 69 மி.மீ., சுவர் 3 மி.மீ. சுவர் மேல விழற இழுவிசை 1.7 கிலோ/ச.செ.மீ. அக்ரிலிக் அறுபட சுமார் 700 வேணும். 3 மி.மீ.ல பாதி இருந்தாக்கூட குழாய் வெடிக்காது. மூடியை மேல தள்ற விசை மொத்தமே அஞ்சரை கிலோ. மாடித் தொட்டி லைன்ல நேரா இணைச்சு 6 மீட்டர் உயரம் வந்தாத்தான் அது 22 கிலோவைத் தாண்டும். அதைச் செய்யாதீங்க, அவ்வளவுதான்.

ஆக உடையறது குழாய் இல்ல, முனையைச் சுத்தி ஒட்டற ரிங்கும், அதுமேல போடற மூடியும். அதை எல்லாரும் எங்க வெட்டறாங்க? அதே கடையில லேசர்ல. லேசர் போன ஓரம் வெந்து குளிர்ந்த ஓரம். அதுல குளோரோஃபார்ம் பட்டா காஸ்ட் ஷீட்டே மயிரிழை விடும். பழி மட்டும் குழாய்க்கு! ரிங்கோட உள்வட்டத்தை அரை மி.மீ. சின்னதா வெட்டச் சொல்லி, 220 நம்பர் உப்புத்தாளைத் தண்ணி தொட்டுத் தேய்ச்சு அளவுக்குக் கொண்டாங்க. வெந்த தோல் போயிடும்.

சங்ககிரி வடிகட்டி
லேசர் ஓரம் பத்தி நீங்க சொன்னது சரி, ஒத்துக்கறேன். ஆனா கணக்குல தண்ணி அழுத்தத்தை மட்டும்தான் சேர்த்தீங்க. உள்ளே ஏற்கெனவே இருக்கற இழுவிசை எந்தச் சூத்திரத்துலயும் வராது. குளோரோஃபார்ம் பட்ட இடத்துல விரிசல் தொடங்கறதுக்கு 700 கிலோ தேவையில்ல, அதுல சின்னப் பங்கே போதும்.

இதைக் கண்ணாலயே பார்க்கலாம். கம்ப்யூட்டர் எல்.சி.டி. திரையில வெள்ளைப் பக்கம் ஒண்ணு திறந்து, அதுக்கு முன்னால குழாயைப் பிடிச்சு, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியா பாருங்க. திரை இருட்டாகற வரை கண்ணாடியைத் திருப்பணும். இழுவிசை தங்கின இடம் வெளிச்சப் பட்டையா தெரியும். பாலிகார்பனேட் மாதிரி வானவில் அடிக்காது, மங்கலாத்தான் இருக்கும். அறுத்த முனையில பட்டை நெருக்கமா இருந்தா அங்க ஒட்டாதீங்க.

லேத்துக்காரன்_கொண்டலாம்பட்டி
நல்ல சோதனை. ஆனா முனையில பட்டை வர்றது பெரும்பாலும் அறுத்த விதத்தால. வேகமா ஓடற கட்டர்ல அறுத்தா முனை வேகும். மாஸ்க்கிங் டேப் சுத்தி, அங்குலத்துக்கு 32 பல் ஹாக்சா பிளேடு போட்டு, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமா உருட்டிக்கிட்டே அறுங்க. ஒரே பக்கமா அழுத்தி முடிச்சா கடைசி ஒரு செ.மீ. சில்லாப் போகும். அப்புறம் தடிக் கண்ணாடி மேல உப்புத்தாள் விரிச்சு, முனையை எட்டு போடற மாதிரி தேய்ங்க. முனையை நெருப்புல காட்டிப் பளபளப்பாக்கற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. ஒட்டப் போற முனையில அது கூடவே கூடாது.

காஸ்ட்டுக்கும் குறை இருக்கு, யாரும் சொல்றதில்ல. குழாயின் ஒரு பக்கம் சுவர் தடிமனா, மறு பக்கம் மெலிசா வரும். உள்ளே ஓ-ரிங் (கசிவைத் தடுக்கற வளையம்) உட்கார வைக்கணும்னா தலைவலி. அதுல எக்ஸ்ட்ரூடட் அளவு சீரா இருக்கும்.

மூடுபனி_ஏற்காடு
ரெண்டு பேரும் ஒட்டற நேரத்தை விட்டுட்டீங்க. அக்ரிலிக் ஒட்டற இன்னொரு திரவம் மெத்திலீன் குளோரைடு, 40 டிகிரியிலேயே கொதிக்கற சரக்கு. சேலத்து மே மாச மத்தியானத்துல ஊசியிலேந்து இடுக்குக்குள்ள இறங்கறதுக்குள்ள பாதி ஆவியாயிடும், இணைப்புக்குள்ள காத்துக்குமிழி நிக்கும். குளோரோஃபார்ம் 61 டிகிரி, அதனால கொஞ்சம் நின்னு இறங்கும். எங்க மலையில பிரச்சினை வேற. ஆவியாகும்போது அந்த இடம் சில்லிட்டு, காத்துல இருக்கற ஈரம் அதுமேல படிஞ்சு இணைப்பு வெள்ளையா பூத்துடும். பூத்த இணைப்புல பலம் இல்ல. மூடுபனி இறங்கறதுக்கு முன்ன, வெயில் நேரத்துல, ஷீட்டும் குழாயும் அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் ஒட்டுங்க.

ரெண்டு சரக்குமே விஷம். ஜன்னல் திறந்த இடம் வேணும். நைட்ரைல் கையுறையை நம்பாதீங்க, நிமிஷத்துல ஊடுருவிடும். ஊசியால இடுக்குல விட்டா தானே ஓடிப் பரவணும். பரவலைன்னா தேய்ச்சது சமமா இல்லைன்னு அர்த்தம். மேல மேல ஊத்தினாலும் விரிசல் வரும். 24 மணி நேரம் தொடாதீங்க.

செவ்வாய்ப்பேட்டை பிளம்பிங்
இதுல எதுக்குங்க இத்தனை பாடு? கழிவுநீர் லைனுக்கு வர்ற 75 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். கப்ளர், ரப்பர் ரிங் வெச்சது, எந்தக் கடையிலும் கிடைக்கும். 75 மி.மீ. அக்ரிலிக் குழாய் அதுல உட்காரும். ஒட்டற வேலையே இல்ல, கீழே ஒரு எண்டு கேப், மேலே ஒண்ணு, முடிஞ்சது. சோப்புத் தண்ணி தடவி உள்ளே தள்ளுங்க, கிரீஸ் வேண்டாம். யு.பி.வி.சி. சொல்யூஷனை அக்ரிலிக்குக்கு நம்பாதீங்க.

லேத்துக்காரன்_கொண்டலாம்பட்டி
ரப்பர் ரிங் தண்ணியைத் தடுக்கும், இழுப்பைத் தாங்காது. மேல சொன்ன அஞ்சரை கிலோ தள்ளல்ல மூடி மெதுவா நகர்ந்து ஒரு நாள் ராத்திரி கழண்டுடும். மேல் மூடியிலேந்து கீழ் மூடி வரை மூணு நீளத் திருகுக் கம்பி போட்டுக் கட்டினா நிக்கும். இன்னொண்ணு, 75ன்னு விக்கற அக்ரிலிக் 74.4ம் இருக்கும், 75.6ம் இருக்கும். வெர்னியர் வெச்சுக் குறுக்கும் நெடுக்கும் அளக்காம வாங்காதீங்க.

செவ்வாய்ப்பேட்டை பிளம்பிங்
கம்பி போடறது சரிதான். ஆனா சுத்தம் பண்ணக் கழட்டணும்னா எது லேசு, சொல்லுங்க.

சங்ககிரி வடிகட்டி
கழட்டறதுன்னா ஃபிளாஞ்ச் மூடிதான், அதாவது ஒட்டின ரிங்கோட போல்ட் போட்டு இறுக்கற மூடி. 6 மி.மீ. ஷீட், 6 நைலான் போல்ட், சிலிகான் ஓ-ரிங். போல்ட் ஓட்டை போல்ட்டை விட அரை மி.மீ. பெருசா இருக்கணும். விரல் இறுக்கம், அதுக்கு மேல கால் சுத்து, போதும். உள்ளே போற வழியும் வெளியே வர்ற வழியும் ரெண்டுமே மூடியில டேங்க் நிப்பிள் வெச்சு. குழாயின் வளைஞ்ச பக்கத்துல ஓட்டை போட்டா வாஷர் சமமா உட்காராது, எவ்வளவு முறுக்கினாலும் கசியும், முறுக்க முறுக்க விரிசல்தான். அக்ரிலிக்குல நேரா மரை வெட்டி நிப்பிள் முறுக்கறதும் ஆப்பு அடிக்கற வேலை. டெஃப்லான் டேப் போதும், மரைக்கு ஊத்தற திரவப் பசை அக்ரிலிக்கை உடைக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, சோப்புத் தண்ணிதான்.

மூடுபனி_ஏற்காடு
ஏஞ்சல், உங்க 1000 லிட்டர் மோட்டார் பத்தி ஒருத்தரும் பேசலையே! 69 மி.மீ. உள்விட்டம், நடுவுல தண்ணியை அடிக்குக் கொண்டு போற 20 மி.மீ. இறக்குக் குழாய். மிச்சம் 34 ச.செ.மீ. 0.3லேந்து 0.6 மி.மீ. வரை சலிச்ச மணல் மிதக்க, தண்ணி நொடிக்கு 1.2லேந்து 1.5 செ.மீ. ஏறணும். அதாவது மணிக்கு 150லேந்து 185 லிட்டர். 1000 விட்டா மணல் முழுக்க சம்புக்குள்ள. வால்வு போட்டு மிச்சத்தைத் தொட்டிக்குத் திருப்புங்க, 110 மி.மீ. குழாய்க்குப் போனாலும் 1000 அதிகம்தான்.

60 செ.மீ. குழாய்க்கு மணல் 20 செ.மீ., அது 30 வரை எழலாம். எம்-சாண்ட் வேண்டாம், அதோட தூசி மாசக்கணக்குல கலங்கும். குளிர் காலத்துல தண்ணியோட பிசுப்பு கூடி மணல் இன்னும் மேல வரும், மீன் கழிவை உடைக்கற பாக்டீரியாப் படலம் மணல் மேல ஏற ஏறவும் மணல் லேசாகி உயரும். மணலுக்கு மேல மிச்ச 30 செ.மீ.யைக் காலியா விடறது அதுக்குத்தான்.

செவ்வாய்ப்பேட்டை பிளம்பிங்
உள்ளே பார்க்கணும்னுதானே அக்ரிலிக்? வெளிச்சம் பட்டா பாசி ஏறி மூணு மாசத்துல ஒண்ணும் தெரியாது. நம்ம ஊர் போர்த்தண்ணி உப்புப் படலம் வேற.

சங்ககிரி வடிகட்டி
கறுப்பு ஷீட் சுத்தி, பார்க்கற அன்னிக்கு மட்டும் கழட்டுங்க. அந்த பாக்டீரியாவுக்கும் இருட்டுதான் பிடிக்கும். உப்புப் படலத்துக்கு நீர்த்த வினிகர், நல்லாக் கழுவிட்டுப் போடுங்க.

அம்மாபேட்டை ஏஞ்சல்
எக்ஸ்ட்ரூடட்டே வாங்கி, ரிங் மட்டும் தேய்ச்சுப் போடறேன். கரண்ட் போனா என்ன ஆகும்?

லேத்துக்காரன்_கொண்டலாம்பட்டி
நல்லவேளை கேட்டீங்க. மோட்டார் நின்னதும் நடுக்குழாய் வழியா தண்ணி திரும்பி, மணலை மோட்டாருக்கே இழுத்துட்டு வரும். இறக்குக் குழாயோட மேல் வளைவுல, சம்ப் தண்ணி மட்டத்துக்கு மேல, 3 மி.மீ. காத்து ஓட்டை போடுங்க, சைஃபன் (தண்ணி தானே திரும்பி இழுக்கறது) அறுந்துடும். ஓடும்போது அதுல கொஞ்சம் தண்ணி பீய்ச்சும், அதைச் சம்ப் பக்கம் திருப்பி வைங்க. நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பாதீங்க, ஒரு மணல் துகள் மாட்டினாலும் மூடாது. நாலஞ்சு மணி நேரம் நின்னுட்டா உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகும். திரும்ப ஓட்டும்போது முதல் ரெண்டு லிட்டரைப் பக்கெட்ல பிடிச்சு வெளியே ஊத்துங்க, மோந்து பார்த்தாலே தெரியும்.

சங்ககிரி வடிகட்டி
சரி, எக்ஸ்ட்ரூடட். ரிங் ஒட்டின விளிம்பை மாசம் ஒரு தடவை டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. வெள்ளி முடி மாதிரி கோடு ஒண்ணு மின்னுச்சுன்னா ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க.